பிக்கப் வண்டியில் என்றைக்காவது ஒரு நாள் கனமான லோடு ஏற்ற: முழுமையான வழிகாட்டி

என் பிக்கப் வருஷத்தில் முந்நூறு நாள் தேங்காய் மட்டையும் மாட்டுத்தீவனமும் ஏற்றுகிற வண்டி. பார்க்கத்தான் லோடு கூரைக்கு மேல் நிற்கும், எடை ஒன்றும் இருக்காது. வீடு கட்ட ஆரம்பித்த வருஷம்தான் வினை வந்தது. தரைக்கு டைல்ஸ், 2 அடிக்கு 2 அடி, 60 பெட்டி. பெட்டி ஒன்று 28 கிலோ என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது, நான்தான் பெருக்கிப் பார்க்கவில்லை. பெருக்கினால் 1,680 கிலோ. வண்டியோ 1,300 கிலோவுக்கானது. கடைப் பையன்கள் தூக்கி வைக்க வசதியாகப் பின்கதவுப் பக்கமே அடுக்கிவிட்டார்கள், நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். வரும் வழியில் ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி லேசாகத் திரும்பியது, அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் வேறு. ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வேகத்தடை, 'டக்' என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது. பின்பக்க எடையைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டை அடுக்குதான் கமான் பட்டை; அதன் நடுவில் இருக்கும் சென்டர் போல்ட் துண்டாகி, சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்ஸில் இரண்டு விரல் அளவு பின்னால் நகர்ந்திருந்தது.

மறுநாள் பட்டறைக்காரரிடம், "இன்னும் ரெண்டு பட்டை சேர்த்துக் கட்டிடுங்கண்ணே, இனிமே தாங்குமில்ல?" என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "கட்டிவிடறேனுங்க தம்பி. ஆனா நீங்க ஏத்துனது பட்டை மேல மட்டும் உக்காரலீங்களே" என்றார்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான். பட்டை, அடியில் வைக்கும் காற்றுப் பையான ஏர் பேக், ரப்பர் என்று எதை மாட்டினாலும் வண்டியின் பின்பக்கம் தூக்கலாக நிற்கும், அவ்வளவுதான். ஆக்ஸில், வீல் பேரிங், டயர், பிரேக், சேஸ் என்கிற அடிச்சட்டம் இவையெல்லாம் பழைய இடத்திலேயேதான் இருக்கின்றன. அதனால் 1,300 கிலோ வண்டியை ஒரு நாளைக்கு 2,000 கிலோ வண்டியாக்கும் வித்தை எதுவும் இங்கே கிடைக்காது. அந்த 1,300-ல் நாம் தெரியாமலே தொலைத்துக்கொண்டிருப்பதை மீட்பது எப்படி, முழு லோடையும் வண்டி தள்ளாடாமல் சுமக்க என்ன செய்வது, எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு வேறு வண்டி பிடிப்பது, இதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் வேலை: ஆர்.சி. புக்கைக் கையில் எடுங்கள்

அதில் இரண்டு எண்கள் இருக்கும். அன்லேடன் வெயிட், அதாவது வண்டியின் வெற்று எடை. கிராஸ் வெஹிக்கிள் வெயிட் அல்லது லேடன் வெயிட், அதாவது எல்லாம் சேர்த்து வண்டி அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் லோடு. லேடன் 2,950, அன்லேடன் 1,650 என்று இருந்தால் 1,300 கிலோ.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வெற்று எடையில் டிரைவரும் கிளீனரும் சேர மாட்டார்கள். ஆக அந்த 1,300-ல் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். பக்கத்தில் ஒருவர், பின்னால் இறக்குக்கூலிக்கு நாலு பேர் என்று ஏற்றிக்கொண்டால் முந்நூறு கிலோவுக்கு மேல் ஆள் எடையிலேயே போய்விட்டது. சரக்கு வைக்கும் இடத்தில் ஆள் ஏற்றுவதே தப்பு என்பது தனிக்கதை.

வண்டி வாங்கும்போது சொன்ன வாய்க்கணக்கை நம்பாதீர்கள். ஒரே பெயரில் ஓடும் வண்டியே பல எடையில் வருகிறது. பொலிரோ பிக்கப்பில் 1.3 டன்னும் உண்டு, 1.7 டன்னும் உண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் பெரிதாக வித்தியாசம் தெரியாது. 2005-ல் வந்த டாடா ஏஸ், நம் குட்டி யானை, 750 கிலோ வண்டி. அதன் மேல் ஒன்றரை டன் செங்கல் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். போகிறது என்பதற்காகத் தாங்குகிறது என்று ஆகிவிடாது.

'2018-லேயே அரசாங்கம் எடையைக் கூட்டிவிட்டதே' என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். அது கனரக வண்டிகளின் ஆக்ஸில் எடை. நாலு டயர் போட்ட ஒற்றை ஆக்ஸிலுக்கு 10.2 டன் என்று இருந்ததை 11.5 டன் ஆக்கினார்கள். நம் பிக்கப்பின் ஆக்ஸிலுக்கும் அந்தக் கணக்குக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. உங்களுக்கு உங்கள் ஆர்.சி.யில் இருக்கும் எண்தான்.

இரண்டாவது: காலி வண்டியோடு எடை மேடைக்குப் போங்கள்

ஐம்பதோ நூறோ ஆகும், அரை மணி நேர வேலை. ஆனால் இதைச் செய்தவர்கள் மிகக் குறைவு. வழக்கமாக வண்டியில் என்னென்ன கிடக்குமோ அதெல்லாம் அப்படியே இருக்க, நீங்களும் உள்ளே உட்கார்ந்தபடி எடை போடுங்கள்.

என் வண்டி 1,835 கிலோ காட்டியது. ஆர்.சி.யில் 1,650. ஆக, ஒரு மூட்டை ஏற்றும் முன்பே 185 கிலோ காலி. எங்கே போனது என்று வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். நான் 76 கிலோ. மட்டை ஏற்றுவதற்காகத் தொட்டிக்கு மேல் வைத்த இரும்புக் கிராதி 52. ஜாக்கி, சங்கிலி, ஏற்றி இறக்கப் போட்டிருந்த பலகைகள் எல்லாம் சேர்த்து 30. நனைந்து கிடந்த தார்ப்பாயும் கயிறும் 14. மிச்சம் 13 கிலோ, நம்புவீர்களா, தொட்டியின் மூலையிலும் சேஸ் மேலும் இறுகிப்போன மண்ணும் சாணியும்.

கிராதியைக் கழற்றி, மண்ணைச் சுரண்டிக் கழுவி, அன்றைக்குத் தேவையில்லாத சாமானை இறக்கி வைத்ததில் 90 கிலோ திரும்பி வந்தது. கிட்டத்தட்ட இரண்டு மூட்டை சிமென்ட். காசு செலவில்லாமல், சட்டத்துக்கு உட்பட்டு, லோடைக் கூட்டுவதற்கு எனக்குத் தெரிந்து இருக்கும் ஒரே வழி இதுதான். கிராதி வெல்டு வைத்ததாக இருந்தால் போல்ட் போட்டுக் கழற்றி மாட்டுகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். ஜாக்கியையும் ஸ்டெப்னியையும் மட்டும் இறக்கி வைக்காதீர்கள், கனமான லோடு ஏற்றும் நாளில்தான் அவற்றுக்கு வேலை வரும்.

மேடையில் இருக்கும்போதே இன்னொன்றும் செய்யலாம். முன்சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஒரு எடை, முழு வண்டியும் ஏறி ஒரு எடை, பின்சக்கரம் மட்டும் இருக்க ஒரு எடை. மேடையும் ஏறும் பாதையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் இது சரியாக வரும். காலியாக முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

மூன்றாவது: லோடின் எடையைக் கண்ணால் அளக்காதீர்கள்

நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் கட்டுமானச் சாமான்தான். கைக்கணக்காகச் சில.

சிமென்ட் மூட்டை 50 கிலோ, இதில் குழப்பமில்லை. கம்பிக்கு ஒரு சூத்திரம் உண்டு: மில்லிமீட்டரை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று பத்தரை கிலோவுக்குச் சற்று மேல். கிரானைட் பலகை 18 எம்.எம். தடிமன் என்றால் சதுர அடிக்கு நாலரை கிலோ பிடிக்கும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிறைந்தால் ஒரு டன், தொட்டி எடை தனி.

எம்.சாண்ட்தான் மோசமான ஆள். ஒரு கன அடி சுமார் 45 கிலோ, ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, நாலரை டன். கால் யூனிட்டே 1,100 கிலோவைத் தாண்டும். 8 அடி நீளம், ஐந்தரை அடி அகலம் உள்ள தொட்டியில் கால் யூனிட்டைப் பரப்பினால் ஏழு அங்குல உயரம்கூட வராது. தொட்டியில் பாதி கூட நிறையவில்லையே, இன்னும் நாலு சட்டி போடப்பா என்று வாய் வரும். அங்கேதான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

நான்காவது: டயர்

மற்ற எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் 106/104 என்கிற மாதிரி இரண்டு எண் இருக்கும். அதுதான் டயரின் பாரக் குறியீடு. முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது ஜோடிச் சக்கரத்துக்கு. 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900, 106 என்றால் 950, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120. பின்னால் இரண்டு டயரும் 106 என்றால் அந்த இரண்டும் சேர்ந்து சுமக்கக்கூடியது 1,900 கிலோ, அதில் காலி வண்டியின் பின்பக்க எடையும் அடக்கம். எடை மேடையில் குறித்துக்கொண்ட எண்ணை இங்கே கழித்துப் பாருங்கள்.

அந்த 950 கிலோவும் காற்று சரியாக இருந்தால்தான். காலியாக ஓடும்போது குலுங்குகிறதே என்று பின்னால் காற்றைக் குறைத்து வைத்திருப்போம், அதோடு லோடு ஏற்றினால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். வெயில் காலத்தில் நாலுவழிச் சாலையில் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். லோடு இருக்கும்போது முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று கதவுத் தூணிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். அந்த அளவை, காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். ஓடி வந்த டயரில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. மறுபக்கம், டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு மேல் ஏற்றினால் பாரம் கூடத் தாங்கும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள்.

பழைய டயருக்கு இந்த எண்கள் பொருந்தாது. பக்கவாட்டில் பொடி வெடிப்பு, பொத்திய இடம், ரீட்ரெட் போட்டது, இவையெல்லாம் தினசரி ஓட்டத்துக்கு ஓடும், முழு லோடுக்கு வேண்டாம்.

ஐந்தாவது: பட்டை, ரப்பர், ஏர் பேக்

இதற்காகத்தான் பலர் இதைப் படிக்க வந்திருப்பீர்கள். முதலில் ஒரு இஞ்சி டேப்பை எடுத்து, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே தொட்டியின் விளிம்பு வரை காலி வண்டியில் அளந்து எழுதி வையுங்கள், இரண்டு பக்கமும். முழு லோடு ஏற்றியபின் மறுபடி அளந்து பாருங்கள். ஆர்.சி. அளவுக்குள்ளேயே லோடு இருந்தும் வண்டி, அளவுக்கு மேல் தாழாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டுகிறது, அல்லது ஒரு பக்கம் மட்டும் அதிகம் தாழ்கிறது என்றால், உங்களுக்குத் தேவை கூடுதல் பட்டை இல்லை, இருக்கிற பட்டை செட்டுக்கு வைத்தியம். பட்டை வளைவு இழந்து நேராகியிருக்கும், இல்லை நடுவில் ஒன்று ஒடிந்திருக்கும். பட்டறையில் வளைவு எடுத்துக் கட்டலாம், பழசாகிவிட்டால் கம்பெனி செட்டையே மாற்றலாம். பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை முடிந்துவிடும்.

பட்டை நன்றாக இருக்கிறது, ஆனால் முழு லோடில் பின்பக்கம் ரொம்பத் தொங்குகிறது என்றால் அப்புறம் துணைக்கு ஏதாவது மாட்டலாம்.

பட்டை சேர்த்துக் கட்டுவதுதான் நம் ஊரில் எல்லோரும் செய்வது. தினமும் முழு லோடு ஓட்டுகிறவருக்குச் சரி. வருஷத்தில் நாலு நாளுக்காக இதைச் செய்தால் மீதி நாளெல்லாம் முதுகு உங்களைத் திட்டும். காலி வண்டி கல் மாதிரி குதிக்கும், ஈர ரோட்டில் பிரேக் போட்டால் பின்சக்கரம் துள்ளும். பட்டை வளைந்து கொடுக்காததால் ஒவ்வொரு குழியின் அடியும் நேராக, பட்டையின் நுனியைச் சேஸோடு இணைக்கும் ஷாக்கிளுக்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் போகும்; சேஸில் ரிவெட் இருக்கிற இடத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழுவது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

பம்ப் ஸ்டாப் இருக்கிற இடத்தில் அதை எடுத்துவிட்டு மாட்டுகிற உள்ளீடற்ற பெரிய ரப்பர் உண்டு. காலியாக இருக்கும்போது ஆக்ஸிலைத் தொடாது அல்லது லேசாகத்தான் தொடும், லோடு ஏறி வண்டி தாழும்போது மெதுவாக அழுந்திப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். காற்று நிரப்பும் வேலை இல்லை, கசிவு இல்லை. என்றைக்காவது ஒரு நாள் லோடு ஏற்றுகிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். உங்கள் மாடலுக்கென்று செய்த ரப்பர்தானா என்று பார்த்து வாங்குங்கள், ஏதோ ஒரு லாரியின் ரப்பரைக் கொண்டுவந்து வெல்டு வைத்து மாட்டுவது வேண்டாம்.

ஏர் பேக் என்பது ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் நடுவே வைக்கும் காற்றுப் பை. வெளிநாட்டுப் பிக்கப்களில் இது சாதாரணம், இங்கே ஹைலக்ஸ், டி-மேக்ஸ் மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள்தான் அதிகம் தேடுகிறார்கள். லோடுக்கு ஏற்பக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம், அது பெரிய வசதி. காலியாக இருக்கும்போதும் கம்பெனி சொல்லும் குறைந்தபட்சக் காற்று அதில் இருக்க வேண்டும், முழுக்க இறக்கிவிட்டால் பை மடிந்து நசுங்கிக் கிழியும். இதை விற்கிறவர்களே, 'வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடை இதனால் கூடாது' என்று கூடவே எழுதித்தான் தருகிறார்கள். அந்த வரியை மட்டும் யாரும் படிப்பதில்லை.

இன்னொரு வழியும் நடக்கிறது, சேஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே மரக்கட்டையைச் செருகிக் கயிறு போட்டுக் கட்டுவது. வண்டி தாழாது, உண்மைதான். ஏனென்றால் ஸ்பிரிங்கே இல்லாத மாட்டுவண்டியாகிவிட்டது. ஒரு குழியில் இறங்கினால் மொத்த எடையும் சுத்தியல் அடி மாதிரி ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல் விழும். தயவுசெய்து வேண்டாம்.

எதை மாட்டினாலும் பட்டறைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வண்டியில் லோட் சென்சிங் வால்வு இருக்கிறதா? பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கு மேலே, சேஸோடு சேர்ந்து ஒரு சின்ன வால்வும், அதிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் ஒரு கம்பியும் இருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும். வண்டி தாழும்போது அந்தக் கம்பி நகர்ந்து, லோடு ஏறியிருக்கிறது என்று வால்வுக்குச் சொல்லும், வால்வு பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். காலியாக இருந்தால் குறைத்துவிடும், இல்லாவிட்டால் பின்சக்கரம் இறுகி வழுக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். நீங்கள் பட்டையோ பையோ போட்டுப் பின்பக்கத்தை உயர்த்திவிட்டீர்கள். மேலே ஒன்றேகால் டன் இருக்கிறது, ஆனால் வண்டி தாழவில்லை. வால்வு வண்டி காலி என்று நினைத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்தே வைத்திருக்கும். பிரேக் பலம் மிக அதிகமாகத் தேவைப்படும் நாளில் அது குறைவாகக் கிடைக்கும். அந்தக் கம்பியைப் புதிய உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.

சட்டமும் இங்கே வருகிறது. ஆர்.சி.யில் இருக்கும் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கழற்றி மாட்டும் ரப்பருக்கும், சேஸை வெட்டி வெல்டு வைப்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. இரண்டாவது பக்கம் போகாதீர்கள்.

ஆறாவது: அடுக்குவதில்தான் பாதி வெற்றி

முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே 3 மீட்டர் என்று வையுங்கள். 1,000 கிலோ லோடின் நடுப்புள்ளி பின் ஆக்ஸிலுக்கு ஒரு அடி, அதாவது 30 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், 900 கிலோ பின்னாலும் 100 கிலோ முன்னாலும் இறங்கும். அதே லோடு பின் ஆக்ஸிலுக்கு ஒரு அடி பின்னால் இருந்தால், பின் ஆக்ஸிலில் 1,100 கிலோ இறங்கும், முன்பக்கத்தில் 100 கிலோ குறைந்துவிடும். லோடு அதேதான், இரண்டு அடி தள்ளி வைத்ததற்குப் பின் ஆக்ஸிலில் 200 கிலோ வித்தியாசம். என் ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி திரும்பியது இதனால்தான்; முன்சக்கரம் பாதி ரோட்டிலும் பாதி காற்றிலும் இருந்திருக்கிறது.

அதனால் கனமானதைக் கேபினை ஒட்டி ஆரம்பித்து, பின்சக்கரத்தைத் தாண்டும் முன்பே முடிக்கப் பாருங்கள். டைல்ஸ், கிரானைட், சிமென்ட் இவற்றுக்குத் தொட்டி முழுக்க இடம் தேவைப்படாது, பின்கதவுப் பக்கம் காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும். கடைக்காரப் பையன்கள் கை எட்டும் இடத்தில்தான் வைப்பார்கள், ஒருவர் தொட்டிக்குள் ஏறி நின்று வாங்கி அடுக்கினால்தான் இது நடக்கும். இடது வலது சமமாக வையுங்கள். கனமானது கீழே, லேசானது மேலே.

நகராமல் கட்டுவது இன்னொரு வேலை. பிரேக் போட்டால் லோடு முன்னால் பாயும். கேபினுக்கும் லோடுக்கும் நடுவே இடைவெளி விட்டால் அது ஓடி வந்து இடிக்கத்தான் விட்டதாக அர்த்தம். டைல்ஸ், கிரானைட்டுக்குக் கயிற்றைவிட, கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட் நல்லது, இரண்டு கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்தி இறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும்.

தண்ணீர்த் தொட்டி ஏற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. முக்கால் தொட்டி தண்ணீர் முழுத் தொட்டியைவிட ஆபத்து. வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து, நீங்கள் திருப்பிய பிறகும் ஒரு கணம் அந்தப் பக்கமே வண்டியை இழுக்கும். பெரிய தொட்டியில் பாதி நிரப்புவதற்குப் பதில் சின்னத் தொட்டி இரண்டை முழுக்க நிரப்புங்கள்.

ஏழாவது: கிளம்பும் முன்

பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டியிருக்கும் யூ போல்ட்டை ஸ்பேனர் வைத்து ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். என் சென்டர் போல்ட் ஒடிந்ததற்கு லோடு பாதிக் காரணம், யூ போல்ட் தளர்ந்திருந்தது மீதிப் பாதி. பட்டையைப் பிடித்து வைக்க வேண்டியது யூ போல்ட், அது தளர்ந்தால் எல்லா இழுப்பும் சுண்டுவிரல் தடிமன் உள்ள சென்டர் போல்ட்டின் தலையில் விழும். வீல் நட்டு, பிரேக் ஆயில் அளவு, ரேடியேட்டர் தண்ணீர் பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும், டாஷ்போர்டில் லைட்டை இறக்கும் திருகு இருந்தால் இறக்கிவிடுங்கள். முடிந்தால் பகலிலேயே போய்விடுங்கள்.

பிறகு லோடோடு ஒருமுறை எடை மேடை. கூடுதல் என்று சீட்டு சொன்னால், இறக்க வேண்டிய இடம் அதுதான், சாலையில் அதிகாரி கை காட்டும் இடம் இல்லை. 194-ஆவது பிரிவின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் மேற்கொண்டு, அதிக எடையை இறக்கும் செலவும் நம் தலையில், இறக்கும் வரை வண்டி நகர முடியாது. விபத்து ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கப்போவதும் எடையைத்தான்.

எட்டாவது: ஓட்டும்போது

முழு லோடில் வண்டி நிற்க எடுக்கும் தூரம் நீங்கள் பழகியது இல்லை. முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கமாக விடும் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள், 50-க்கு மேல் போகாதீர்கள். வேகத்தடையில் சாய்வாக ஏறாமல் நேராக, நடந்து போகிற வேகத்தில் ஏறுங்கள். மேட்டில் கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டு வண்டியை நிறுத்திப் பிடிக்காதீர்கள், கைபிரேக் எதற்கு இருக்கிறது.

மலை என்றால் பழைய டிரைவர்கள் சொல்வதுதான்: ஏறின கியரில்தான் இறங்க வேண்டும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் பிரேக் மிதித்தே இறங்கினால் பாதி வழியில் கருகின வாடை வரும், பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டாம் கியர், இன்ஜின் பிடிப்பு, இடையிடையே அழுத்தி விடும் பிரேக். வாடை வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் டீ குடியுங்கள், டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதல்முறை முழு லோடை மலையில் முயற்சி பண்ணவே வேண்டாம் என்பது என் கருத்து.

எப்போது வேறு வண்டி

கணக்கு சுலபம். என் 60 பெட்டியை இரண்டு நடையாக எடுத்திருந்தால் கூடுதலாக 60 கிலோமீட்டர் ஓடியிருக்கும், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் ஐந்து லிட்டர் டீசல், ஒரு மதியப் பொழுது. பட்டை வேலைக்கும் ஆக்ஸில் சரிபார்ப்புக்கும் நான் கொடுத்தது அதைப்போலப் பல மடங்கு, வண்டி மூன்று நாள் பட்டறையில் நின்றது வேறு. லோடு உங்கள் அளவைவிட நூறு இருநூறு கிலோ கூடினால் இரண்டு நடை. இரண்டு மடங்கு என்றால் பெரிய வண்டியை வாடகைக்குப் பிடித்துவிடுங்கள். பக்கத்து ஊரிலிருந்து மண், ஜல்லி என்றால் டிராக்டர் டிப்பர்தான் தோது. 12 மீட்டர் கம்பியை மடக்கிக்கூடப் பிக்கப்பில் ஏற்றாதீர்கள், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியால் நடந்த விபத்துகள் போதும். கம்பிக் கடைக்காரர்களே வண்டி வைத்திருப்பார்கள்.

இறக்கியபின்

கையை வீல் டிரம்மின் அருகே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள், தொட வேண்டாம். நாலில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகச் சூடாக இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. ஏர் பேக் இருந்தால் காற்றைக் குறைந்தபட்ச அளவுக்கு இறக்குங்கள். டயர் காற்றை மறுநாள் காலை குளிர்ந்த பிறகு காலி வண்டி அளவுக்குக் கொண்டுவாருங்கள். சேஸில் ஷாக்கிள் பிராக்கெட் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், பெயின்ட்டில் புதிதாக ஒரு கோடு தெரிந்தால் நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அதே இஞ்சி டேப்பை எடுத்து, காலி வண்டியில் எழுதி வைத்த அந்த அளவை மறுபடி பாருங்கள். இரண்டு பக்கமும் பழைய எண்ணே வந்தால் சரி. ஒரு பக்கம் அரை அங்குலம் குறைந்திருந்தால் பட்டறைக்கு விடுங்கள், அடுத்த லோடு அதற்கப்புறம்.